முட்டிக்குத் தேவை மாத்திரையா, முட்டையா?

கல்வராயன் மலையில் முட்டி வலி வந்தால் ஒரு குடும்பத்தின் பாதி வேலை நின்றுவிடும். சரிவில் இருக்கும் மரவள்ளிக் காட்டுக்கு இறங்க வேண்டும். விறகுச் சுமையோடு ஏற வேண்டும். பஸ் பிடிக்கவும் ரேஷன் வாங்கவும் நடக்க வேண்டும். அங்கே பலருக்குக் கால்தான் வண்டி. மலையை விட்டு இறங்கி, கோமுகி அணை, கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சி டவுனுக்கு வந்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. நாற்று நடுபவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடைப் பெண்கள் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

40 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தியாவின் 5 இடங்களில் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 28.7 சதவிகிதம் பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. உலக அளவில் 2020-ல் சுமார் 59.5 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாக ஒரு கணக்கீடு சொல்கிறது.

வலி வந்ததும் இவர்கள் முன்னால் இரண்டு வழிகள் தெரிகின்றன. டவுனில் மெடிக்கல் ஷாப். 'குருத்தெலும்பு வளர', 'தசை வலுப்பெற' என்று அட்டையிலும் டப்பாவிலும் வரும் சப்ளிமென்ட்கள். மலைப்பக்கம் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். இரண்டின் பின்னாலும் இருக்கும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: 'தேய்ந்த மூட்டு சாப்பிட்டால் சரியாகிவிடுமா?'

இந்த வாரம் அந்தக் கேள்விக்கான பதிலைப் பார்ப்போம்.

தேய்வது எது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனையிலும் வழவழப்பான ஓர் உறை இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. இதற்கு ரத்தக் குழாய் கிடையாது. உடம்பின் மற்ற பாகங்களுக்கு ரத்தம் வழியாகச் சத்து போகிறது. குருத்தெலும்புக்கோ மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்துதான் சத்து கிடைக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் பஞ்சை அமுக்கி விட்டால் எப்படி உறிஞ்சிக்கொள்ளுமோ, அப்படித்தான் நடக்கும்போது அமுங்கி, காலைத் தூக்கும்போது விரிந்து அது தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது.

இதில் இருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, விழுங்கும் சத்து நேராகக் குருத்தெலும்புக்குப் போய்ச் சேர வழி சுற்றுவழிதான். இரண்டு, வலிக்கிறதே என்று முழுசாக உட்கார்ந்துவிட்டால் குருத்தெலும்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சத்தும் குறையும்.

இன்னொரு முக்கியமான ஆள் தொடைத் தசை. படி இறங்கும்போதும் மேட்டில் இருந்து இறங்கும்போதும் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது தொடையின் முன்பக்கத் தசைதான். அது மெலிந்தால் அடி முழுக்க மூட்டில் விழும். வலி வந்தால் நடை குறையும். நடை குறைந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் வலி கூடும். மூட்டுத் தேய்மானத்தில் மனிதர்களை முடக்குவது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்

மூட்டுக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளில் அதிகம் இருப்பவை இவை இரண்டும். குருத்தெலும்பிலேயே இருக்கும் பொருட்கள் என்பதால், 'வெளியில் இருந்து கொடுத்தால் உள்ளே வளரும்' என்று நினைத்தார்கள்.

நினைப்பு சரிதானா என்று பார்க்க அமெரிக்க அரசு நிதியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006-ல் முடிவு வெளியானது. முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேரை ஐந்து குழுக்களாகப் பிரித்து 24 வாரம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்குக் குளுக்கோசமைன் தினம் 1,500 மி.கி. இன்னொரு குழுவுக்குக் காண்ட்ராய்டின் 1,200 மி.கி. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு செலகாக்ஸிப் என்ற வலி மாத்திரை. ஐந்தாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

வலி 20 சதவிகிதமாவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள்.

குளுக்கோசமைன் குழுவில் 64 சதவிகிதம். காண்ட்ராய்டின் குழுவில் 65.4. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6. வலி மாத்திரைக் குழுவில் 70.1. வெற்று மாத்திரைக் குழுவில்? 60.1 சதவிகிதம்.

அதாவது மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களிலும் பத்தில் ஆறு பேருக்கு வலி குறைந்தது. சப்ளிமென்ட்டுக்கும் வெற்று மாத்திரைக்கும் இருந்த வித்தியாசம், தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கும் அளவுக்குச் சின்னது. வலி அதிகம் இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த மாத்திரை நன்றாக வேலை செய்ததுபோல் தெரிந்தது. ஆனால் இதே ஆய்வில் கலந்துகொண்ட 662 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட எந்த சப்ளிமென்ட்டும் தெளிவாக முந்தவில்லை.

இதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் அலசித்தான், அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பு தன் 2019 வழிகாட்டுதலில் முட்டித் தேய்மானத்துக்கு இவை இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. பிரிட்டன் அரசின் 2022 வழிகாட்டுதலும் குளுக்கோசமைன் கொடுக்க வேண்டாம் என்கிறது.

'எனக்குக் கேட்டதே!'

இதைப் படிக்கும்போதே 'எங்க அத்தைக்கு நல்லா கேட்டுச்சே' என்று தோன்றலாம். அத்தை பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே வலி குறைந்திருக்கும்.

தேய்மான வலி ஒரே மாதிரி இருக்காது. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். நாம் மாத்திரை வாங்கப் போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் போன வலி எதுவும் சாப்பிடாமலே கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கூடவே, 'நமக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கைக்கும் வலியைக் குறைக்கும் சக்தி இருக்கிறது. அந்த 60 சதவிகிதம் அதைத்தான் காட்டுகிறது.

எனவே டாக்டரிடம் கேட்டு ஏற்கெனவே குளுக்கோசமைன் சாப்பிட்டு, உதவுகிறது என்று உணர்பவர்கள் பதற வேண்டாம். மூன்று மாதம் பார்க்கலாம். வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடலாம். பல தயாரிப்புகள் இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கப்படுவதால், அந்த ஒவ்வாமை இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

கொலாஜன், மஞ்சள், மீன் எண்ணெய், வைட்டமின் டி

*கொலாஜன்:* ஆட்டுக்கால் பாயாவில் இருக்கும் பிசுபிசுப்பும் இதுதான், டப்பாவில் பொடியாக விற்பதும் இதுதான். சாப்பிட்டதும் வயிற்றில் சிறு துண்டுகளாக உடைந்துவிடும். உடைந்தது முட்டிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தினம் 40 மி.கி. அளவில் கொடுக்கும் ஒரு வகைக் கொலாஜனை 191 பேரிடம் 180 நாள் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. பலன் இருந்ததாகச் சொன்னது. ஆனால் ஆய்வுக்குப் பின்னால் இருந்தது அதைத் தயாரிக்கும் நிறுவனம். கம்பெனிகளோடு தொடர்பில்லாத பெரிய ஆய்வுகள் வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

*மஞ்சள் சாறு மாத்திரை:* ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மூட்டு வீக்கத்திலும் குருத்தெலும்பிலும் மாற்றம் இல்லை. குழம்பில் போடும் மஞ்சள்தூளும் இதுவும் ஒன்றல்ல. இது செறிவூட்டப்பட்ட சாறு. மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. கல்லீரல், பித்தப்பைப் பிரச்னை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

*மீன் எண்ணெய் வகை:* கிரில் என்ற கடல் உயிரியின் எண்ணெயைத் தினம் 2 கிராம் வீதம் 262 பேரிடம் 24 வாரம் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு 2024-ல் வெளியானது. முட்டி வலியில் வெற்று எண்ணெயைவிட எந்த முன்னேற்றமும் இல்லை.

*வைட்டமின் டி:* 413 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், இதனால் குருத்தெலும்புத் தேய்மானமும் குறையவில்லை, வலியும் குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் டாக்டர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று, பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முடவாட்டுக்கால் கிழங்கு

இப்போது மலைக்கு வருவோம். கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன் மலை என்று இந்தப் பக்கத்து மலைகளுக்கு டூர் போய்வருபவர்கள் பையில் இந்தக் கிழங்கு ஒன்றாவது இருக்கும். பழுப்பு ரோமம் போர்த்தி, பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கிழங்கு என்று சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணிச் செடியின் தண்டு. ரோமத்தைச் சீவி, நறுக்கி, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் 'சைவ ஆட்டுக்கால் சூப்'. 'முடவனையும் ஆட்டுவிக்கும் கால்' என்று பெயருக்குக் காரணம் சொல்பவர்களும் உண்டு.

இதன் சாறு வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறதா என்று எலிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. சாதகமான முடிவுகளும் வந்துள்ளன. ஆனால் எலிக்குக் கொடுத்தது செறிவான சாறு. நாம் குடிப்பது ஒரு டம்ளர் சூப். முட்டித் தேய்மானம் உள்ள மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தால்தான் 'குணமாகும்' என்று சொல்ல முடியும். பிரண்டைத் துவையலுக்கும் முடக்கத்தான் தோசைக்கும் இதே கதைதான்.

அதற்காகக் குடிக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. மிளகும் பூண்டும் போட்ட சூடான சூப் மலைக் குளிருக்கு இதம். ருசியாகவும் இருக்கும். உணவாகக் குடிக்கலாம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பை மட்டும் பார்த்துக்கொள்ளவும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்கலாம். ஆனால் சூப் குடித்த தைரியத்தில் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. கிழங்கைக் கொதிக்கவைத்த தண்ணீரில் தசைக்கு வேண்டிய புரதம் பெரிதாக இருக்காது.

பெயரில்லாத பொடி வேண்டாம்

சூப்பைவிட பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. லேபிள் இல்லாத பொட்டலத்தில், 'மூன்றே நாளில் வலி போகும்' என்று விற்கப்படும் பொடியும் உருண்டையும்.

மூலிகை மூன்று நாளில் மாயம் செய்தால் சந்தேகப்பட வேண்டும். அதில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருக்கலாம். இது கற்பனை இல்லை. 'ஆர்ட்ரி கிங்' என்ற பெயரில் மூட்டுவலி சப்ளிமென்ட்டாக விற்கப்பட்ட ஒன்றில், லேபிளில் சொல்லாமல் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததாக 2022-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பும் மரணமும் நிகழ்ந்ததாகப் புகார்கள் வந்தன.

இப்படிப்பட்ட பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், வயிற்றுப் புண் வரும், சிறுநீரகம் கெடும், எலும்பு பலவீனமாகும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் சொல்லும் முறையில்தான் நிறுத்த வேண்டும்.

தசைக்குச் சாப்பாடு போய்ச் சேரும்

குருத்தெலும்புக்கு ரத்தம் போகாது என்று பார்த்தோம். தசைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. சாப்பிட்ட புரதம் தசைக்குப் போய்ச் சேரும். கூடவே வேலையும் கொடுத்தால், 70 வயதிலும் தசை வலுவாகும். மாத்திரைக்குப் போகும் காசையும் கவனத்தையும் இங்கே திருப்புவதுதான் லாபம்.

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் குழு ஒன்று 2013-ல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடை உள்ள பாட்டிக்கு நாளைக்குச் சுமார் 60 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் சாப்பாட்டில் அது வருகிறதா? மூன்று வேளையும் சோறு, ரசம், கொஞ்சம் பொரியல் என்றால் பாதிகூட வராது. மரவள்ளிக்கிழங்கில் 100 கிராமுக்கு 1 கிராம் அளவுக்குத்தான் புரதம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில் சுமார் 217 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேர் குடும்பம் 30 நாளுக்குப் பங்கிட்டால், ஆளுக்கு நாளைக்கு 2 கிராம்கூட வராது. சாம்பார் தண்ணியாக இருக்கும் வீட்டில் தசைக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் டப்பா புரதம் தேவையில்லை. 2024-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதலும் புரதப் பொடிகளைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. ஒரு நாள் தட்டை இப்படி அமைத்துப் பாருங்கள்:

• அரிசி அல்லது சாமை 200 கிராம் (வேகவைக்கும் முன்): 16 முதல் 20 கிராம் புரதம்
• கெட்டியான சாம்பார் அல்லது கூட்டில் பருப்பு 40 கிராம்: 9 கிராம்
• கொண்டைக்கடலை அல்லது கொள்ளு சுண்டல், பயறு 40 கிராம்: 8 கிராம்
• நிலக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 7 கிராம்
• முட்டை ஒன்று: 6 கிராம்
• பால் அல்லது தயிர், நாள் முழுக்க 250 மி.லி: 8 கிராம்
• கீரை, காய்கள்: 2 கிராம்

கூட்டினால் 60 கிராமை நெருங்கிவிடும். மீனோ கோழியோ சமைக்கும் நாளில் 100 கிராமில் 20 கிராம் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வேளையில் சேர்க்காமல், மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது தசைக்கு நல்லது. காலையில் வெறும் டீயும் பன்னும் என்று முடிப்பவர்கள் முதலில் அங்கே ஒரு முட்டையோ சுண்டலோ சேர்க்கலாம்.

மூட்டுச் சப்ளிமென்ட் மாத்திரைகள் பத்து கொண்ட அட்டை சில நூறு ரூபாய். கடையில் முட்டை ஒன்று 6, 7 ரூபாய். ஒரு மாத மாத்திரைக் காசில் வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி இரண்டு பேருக்கும் தினம் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கடலையும் கொடுத்துவிடலாம்.

மலையில் விளையும் தானியங்களையும் மறக்க வேண்டாம். சாமையில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம். அரிசியில் 8 கிராம்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மி.கி. கால்சியம் இருக்கிறது. காட்டில் விளைந்த சாமையை எல்லாம் விற்றுவிட்டு, அந்தக் காசில் கால்சியம் மாத்திரை வாங்குவதைவிட, வீட்டுக்கு ஒரு மூட்டை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

எடை விஷயத்தில் மலைக்கும் டவுனுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. உட்கார்ந்த வேலையில் எடை கூடியவர்கள் குறைக்கத்தான் வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆனால் ஏற்கெனவே ஒல்லியாக, வேலை செய்தே மெலிந்த பெண்களுக்கு 'எடையைக் குறை' என்ற அறிவுரை தீங்குதான். அவர்களுக்குத் தேவை கூடுதல் சாப்பாடு.

வேலை கொடுத்தால்தான் வலு

'நாள் முழுக்க நடக்கிறேனே, இதில் உடற்பயிற்சி வேறா?' என்று கேட்கலாம். சுமையோடு நடப்பது மூட்டுக்குப் பாரம். பயிற்சி என்பது மூட்டில் பாரம் போடாமல் தசைக்கு வேலை கொடுப்பது.

1. காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையை நோக்கி அழுத்துங்கள். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். 10 முறை.
2. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி, 5 எண்ணி இறக்குங்கள். 10 முறை.
3. நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, முடிந்தால் கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 5-ல் ஆரம்பித்து 10 வரை.

இரண்டு காலுக்கும், வாரத்தில் மூன்று, நான்கு நாள் செய்யலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் மாயம் செய்யாது. 2024-ல் வெளியான ஓர் அலசல் 12,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 139 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலியும் நடமாட்டமும் குறுகிய காலத்தில் மேம்பட வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அளவு பெரிதல்ல என்பதுதான் அதன் சாரம். ஆனாலும் செலவு இல்லை, கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை, விழாமல் நடக்கவும் உதவும். குளுக்கோசமைன் வேண்டாம் என்ற அதே அமெரிக்க வழிகாட்டுதல், பயிற்சியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது.

சரிவில் இறங்கும்போது கைத்தடி வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். எந்த முட்டி வலிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். விறகை ஒரே கட்டாகச் சுமக்காமல் இரண்டு நடையாகப் பிரிக்கலாம். களை எடுக்கும்போதும் துணி துவைக்கும்போதும் குத்துக்காலிட்டு உட்காராமல் சின்ன முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

யாரிடம் போவது?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெயர் கொடுங்கள். 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மூட்டு முழுக்கத் தேய்ந்து, அறுவை சிகிச்சைதான் வழி என்றானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று சிகிச்சையும் இருக்கிறது.

முட்டி திடீரென்று சிவந்து வீங்கினால், கூடவே காய்ச்சல் வந்தால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். காலையில் விரல், மணிக்கட்டு என்று சின்ன மூட்டுகளும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால், அது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. தாமதித்தால் மூட்டு கோணிவிடும்.

டப்பா வாங்கும் முன்

• 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொருள்படும் வாசகம் சப்ளிமென்ட் லேபிளில் இருக்கும். சட்டப்படி அது மருந்தில்லை, உணவு.
• இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை வாங்க வேண்டாம்.
• ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளோடு டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.
• ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எத்தனை படி வலியில்லாமல் ஏற முடிகிறது என்றும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் அந்தக் காசு முட்டைக்குப் போகட்டும்.

தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்த்துக் காட்டிய சப்ளிமென்ட் இன்றுவரை இல்லை. மெலிந்த தொடையை மீட்க வழி இருக்கிறது. அதற்கான பொருட்கள் மளிகைக் கடையிலும் மலைக் காட்டிலும் கிடைக்கின்றன. வீட்டில் முட்டி வலியோடு யாராவது இருந்தால், இன்று சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியாக வையுங்கள். பெரியவர்கள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள்.